கியூ கோல் இணைப்பு: பொருள்களும் தேர்வும்

கியூ கோல் இணைப்பு என்பது பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய மேசைக் கோற்பந்தாட்டங்களில் பயன்படும் கோலின் இரு துண்டுகளைத் திருகிச் சேர்க்கும் பகுதி ஆகும். எஃகு, பித்தளை, பினாலிக் பிசின், மரம், யானைத் தந்தம் எனப் பல பொருள்களால் இது செய்யப்பட்டுள்ளது. ஆட்டக்காரரின் அளவுக்கும் விருப்பத்துக்கும் ஏற்பத் தனியாகச் செய்யப்படும் கோல்களில் இணைப்புக்கு எந்தப் பொருளை இடுவது என்பது முதலில் முடிவு செய்யவேண்டியவற்றுள் ஒன்று.

இணைப்புப் பொருள் கோலின் எடை, சமநிலை, ஒலி, ஆயுள் ஆகியவற்றைப் பாதிக்கிறது. பந்து செல்லும் திசையில் அதன் பங்கு மிகக் குறைவு. கோல் நேராக இருப்பதற்குப் பொருளைவிட வேலையின் துல்லியமே முக்கியம். தேர்வில் இரண்டு புறக் காரணங்களும் உண்டு: கோல் பயன்படும் ஊரின் ஈரப்பதம், பொருள் வந்த காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், விருதுநகர் மாவட்டத்தில் உள்ள இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இவ்விரண்டையும் விளக்குவதற்குப் பொருத்தமான ஊர்கள். அங்கே மழைக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையே காற்றின் ஈரம் வெகுவாக மாறுகிறது. ஊர்களுக்கு மேற்கே உள்ள மலைக்காடு யானைகளின் வாழிடம்.

கோலின் அமைப்பு

பூல் ஆட்டக் கோல் ஏறத்தாழ 147 செ.மீ. நீளமும் 510 முதல் 595 கிராம் வரை எடையும் கொண்டது. பந்தைத் தொடும் மெல்லிய பாதி முன்கோல் என்றும், கையில் பிடிக்கும் தடித்த பாதி பின்கோல் என்றும் இங்கே குறிக்கப்படுகின்றன. முன்கோல் பெரும்பாலும் வட அமெரிக்க மேப்பிள் மரத்தால் ஆனது. ஸ்னூக்கர் கோலில் ஆஷ் மரம் அதிகம். பின்கோலுக்குக் கருங்காலி, தோதகத்தி போன்ற கனத்த மரங்கள் பயன்படுகின்றன. முன்கோலின் நுனியில் தோல்முனை இருக்கும்.

இணைப்பில் மூன்று உறுப்புகள் உள்ளன.

1. திருகாணி: பின்கோலில் பதிக்கப்பட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையிட்ட தண்டு. ஸ்னூக்கர் கோலில் இது முன்கோலிலும் இருக்கலாம்.
2. உள்மரை: திருகாணி ஏறும் துளை. மரத்திலேயே மரை வெட்டலாம். அல்லது மரையிட்ட பித்தளைக் குழலைத் துளையில் ஒட்டலாம்.
3. பூண்: துண்டுகளின் முனையைச் சுற்றியுள்ள வளையம். உலக்கையின் முனை பிளந்துவிடாமல் இரும்புப் பூண் காப்பதைப் போலவே, திருகும் விசையால் மர முனை பிளக்காமல் இது காக்கிறது. பூல் கோலில் இதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 21.5 மி.மீ.

"எஃகு இணைப்பு", "தந்த இணைப்பு" என்று பேச்சில் சொல்லப்படுவது பெரும்பாலும் பூணின் பொருளையே குறிக்கும். திருகாணி வேறு பொருளாக இருக்கலாம். ஆகவே ஒரு கோலின் இணைப்பைக் குறிப்பிடும்போது பூண், திருகாணி, உள்மரை மூன்றையும் தனித்தனியே சொல்வது தெளிவானது.

கோலின் அளவுக்கு விதிகள் உண்டு. ஸ்னூக்கர் கோல் 914 மி.மீ.க்குக் குறையக் கூடாது. உலகப் பூல் விதிகளில் நீளம் குறைந்தது 1.016 மீட்டர், எடை அதிகபட்சம் 25 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 709 கிராம். இந்த வரம்புக்குள் இணைப்பு வகைகளைத் தெரிவு செய்யப் போதிய இடம் உண்டு.

வரலாறு

ஸ்னூக்கர் ஆட்டம் இந்தியாவில் பிறந்தது. 1875ஆம் ஆண்டு ஜபல்பூரில் இருந்த பிரித்தானியப் படை அதிகாரி நெவில் சேம்பர்லின் இதை உருவாக்கினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. 1882இல் உதகமண்டலம் கிளப்பில் இதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. அக்காலத்துப் பந்துகள் யானைத் தந்தத்தால் கடையப்பட்டவை. ஒரு தந்தத்திலிருந்து நல்ல பந்துகள் சிலவே கிடைக்கும். பந்தின் மையம் தந்தத்தின் நரம்புக்கால்வாய்க்கு நேராக அமையாவிட்டால் பந்து நேராக உருளாது.

தந்தத்தின் தட்டுப்பாடு 1860களிலேயே உணரப்பட்டது. மாற்றுப் பொருளைக் கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு தருவதாக அமெரிக்காவின் ஃபெலன் அண்டு காலண்டர் நிறுவனம் அறிவித்தது. அந்த முயற்சியின் வழியாகவே ஜான் வெஸ்லி ஹயாட் செல்லுலாய்டு உருவாக்கத்துக்கு வந்தார். 1907இல் லியோ பேக்லண்டு பினாலிக் பிசினான பேக்கலைட்டை உருவாக்கினார். இன்றைய தரமான பந்துகள் பினாலிக் பிசினால் ஆனவை.

பந்திலிருந்து தந்தம் விலகிய பின்பும் கோலில் அது நீடித்தது. முனைப்பூணிலும், பதிப்பு வேலைப்பாடுகளிலும், இணைப்புப் பூணிலும் தந்தம் ஆடம்பரத்தின் அடையாளமாக இருந்தது. ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கோல் கலைஞர்களுள் ஒருவரான ஜார்ஜ் பலபுஷ்கா பெரும்பாலும் எஃகுப் பூணையே இட்டார். அவருடைய கோல்கள் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்களாக உள்ளன. உயர்ந்த கோலுக்குத் தந்த இணைப்பு கட்டாயம் இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

பொருத்தத்தின் துல்லியம்

இணைப்பின் முதல் வேலை, இரு துண்டுகளின் மையக்கோடுகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது. இணையும் முகம் மையக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். இதில் நேரும் சிறு பிழை நுனியில் பெரிதாகிறது. 21.5 மி.மீ. அகலமுள்ள முகத்தின் ஒரு விளிம்பு 0.05 மி.மீ. உயர்ந்திருப்பதாகக் கொள்வோம். அது ஒரு தலைமயிரின் தடிமனை ஒத்த அளவு. 737 மி.மீ. தொலைவிலுள்ள நுனி அதனால் 1.7 மி.மீ. விலகும். மேசைமேல் உருட்டினால் இந்த விலகல் கண்ணுக்குத் தெரியும்.

பூண் எஃகானாலும் பிசினானாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால் பூணை ஒட்டிய பின், கோலை லேத்தில் அதன் மையத்திலேயே சுழலவிட்டு, முகத்தைக் கடைசியாக ஒருமுறை கடைந்து எடுப்பது வழக்கம். பூணைத் தனியே கடைந்து முடித்துவிட்டு அப்படியே ஒட்டினால் பசையின் தடிமன் ஒருபுறம் கூடி முகம் சாய வாய்ப்புண்டு.

இணையும் முகங்களில் இரண்டு வகைகள் பரவலானவை. தட்டை முக இணைப்பில் இரு முகங்களும் முழுமையாக ஒன்றையொன்று தொடும். படி இணைப்பில் முன்கோலின் உள்மரைக் குழல் சற்றே நீண்டு, பின்கோல் பூணின் வாய்க்குள் இறுக்கமாக நுழையும். இறுக்கம் சரியாக இருந்தால் படி இணைப்பு மையத்தைத் தானே பிடித்துத் தரும். தளர்ந்தால் அந்தப் பயன் இல்லை. அளவுக்கு மேல் இறுகினால் திருகும்போது பூண் வெடிக்கக்கூடும்.

மரையும் திருகாணியும்

பூல் கோலில் 5/16-14, 5/16-18, 3/8-10 ஆகிய மரை அளவுகள் பரவலாக உள்ளன. முதல் எண் திருகாணியின் விட்டத்தை அங்குலத்தில் தருகிறது. இரண்டாவது எண் ஓர் அங்குலத்தில் உள்ள மரைகளின் எண்ணிக்கை. ஆக 5/16-14 என்பது 7.94 மி.மீ. விட்டமும், மரைக்கு மரை 1.81 மி.மீ. இடைவெளியும் கொண்டது. 3/8-10 என்பது 9.53 மி.மீ. விட்டமும் 2.54 மி.மீ. இடைவெளியும் கொண்டது.

மரத்திலேயே உள்மரை வெட்டுவதானால் இடைவெளி அகன்ற மரையே ஏற்றது. நெருக்கமான மரையின் பற்கள் மரத்தில் மெலிந்து, எளிதில் நொறுங்கக்கூடும். ஆகவே மரத்தோடு மரம் சேரும் இணைப்புகளில் 3/8-10 அதிகம் காணப்படுகிறது. நெருக்கமான மரைக்குப் பித்தளைக் குழல் தேவை. எஃகுத் திருகாணியும் பித்தளை உள்மரையும் நல்ல சேர்க்கை. ஒரே உலோகம் தன்மேலேயே உராயும்போது ஏற்படும் பிடிப்பு இதில் குறைவு. துருப்பிடிக்காத எஃகின்மேல் அதே எஃகு திருகப்பட்டால் மரை கடித்துக்கொண்டு சிக்கிவிடக்கூடும்.

ஒரு முன்கோல் பழுதானால் வேறொன்றை வாங்கிப் பொருத்தவேண்டி வரும் என்பதால், எளிதில் கிடைக்கும் மரை அளவைத் தேர்வது பின்னாளில் உதவும்.

பூணுக்கான பொருள்கள்

துருப்பிடிக்காத எஃகு: எவர்சில்வர் என்று வழக்கில் அறியப்படும் இது உறுதியானது, தேயாது, வியர்வையால் கறுக்காது. அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 8 கிராம். எடை கூடுவதும், கடைவதற்குக் கடினமாக இருப்பதும் இதன் குறைகள்.

பித்தளை: அடர்த்தி ஏறத்தாழ 8.5 கிராம். எளிதில் கடையலாம், மரை சுத்தமாக விழும். ஸ்னூக்கர் கோல்களில் இதுவே மரபு. வியர்வை பட்டால் கறுக்கும்; துடைத்தால் பளிச்சிடும்.

டைட்டானியம், அலுமினியம்: அடர்த்தி முறையே ஏறத்தாழ 4.5, 2.7 கிராம். உலோகத்தின் உறுதியைக் குறைந்த எடையில் பெற விரும்பும்போது பயன்படுகின்றன. டைட்டானியம் திருகாணிக்கு நன்கு பொருந்தும், விலை கூடுதல்.

பினாலிக்: பருத்தித் துணியையோ காகிதத்தையோ பினாலிக் பிசினில் தோய்த்து, அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்துச் செய்யப்படும் பொருள். இந்தியச் சந்தையில் ஹைலம் என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறது. மின்காப்புப் பலகைகளுக்கும், ஓசை குறைவாக ஓடவேண்டிய பல்சக்கரங்களுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. அடர்த்தி ஏறத்தாழ 1.4 கிராம். ஈரத்தால் மிகக் குறைவாகவே மாறும். சாதாரண லேத்தில் கடையலாம். கடையும்போது எழும் தூசி மூச்சுக்குழலுக்கு நல்லதல்ல என்பதால் முகமூடியும் தூசி உறிஞ்சியும் தேவை.

கண்ணாடியிழை எபாக்சி: ஜி-10 என்று குறிக்கப்படும் அடுக்குப் பொருள். மிக உறுதியானது. திருகாணியையே இதனால் செய்வதுண்டு. வெட்டுக்கருவியை விரைவில் மழுக்கும்.

மரம்: தனிப்பூண் இல்லாமல், அல்லது மரப்பூணோடு, இரு துண்டுகளின் மரமும் நேரடியாகத் தொடும் இணைப்பு. எடை குறைவு, ஒலி மென்மை. ஈரத்தால் அளவு மாறுவது இதன் பெருங்குறை.

தந்தம்: அடர்த்தி ஏறத்தாழ 1.8 கிராம். பளபளப்பும் நிறமும் உண்டு. ஆனால் ஈரம் கூடும்போது விரிந்து, குறையும்போது சுருங்கி, நாளடைவில் நீளவாக்கில் விரிசல் காணும். இந்தியாவில் இதன் வணிகம் தடைசெய்யப்பட்டுள்ளது.

எடையும் சமநிலையும்

பொருளை மாற்றினால் அளந்து பார்க்கத்தக்க முதல் வேறுபாடு எடை. 21.5 மி.மீ. வெளிவிட்டமும் 16 மி.மீ. உள்விட்டமும் 25 மி.மீ. நீளமும் கொண்ட ஒரு பூணின் கன அளவு ஏறத்தாழ 4.05 கன செ.மீ. இதே அளவுப் பூண் பினாலிக்கில் 6 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், தந்தத்தில் 7 கிராமும், டைட்டானியத்தில் 18 கிராமும், எஃகில் 32 கிராமும், பித்தளையில் 34 கிராமும் இருக்கும்.

பினாலிக்குக்கும் எஃகுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 27 கிராம். 540 கிராம் எடையுள்ள பூல் கோல் ஒன்றின் சமநிலைப் புள்ளி பின்முனையிலிருந்து 47 செ.மீ. தொலைவில் இருப்பதாகவும், பூண் கோலின் நடுவில், அதாவது 73 செ.மீ.யில் இருப்பதாகவும் கொள்வோம். பினாலிக் பூணை எஃகுப் பூணாக மாற்றினால் சமநிலைப் புள்ளி ஏறத்தாழ 12 மி.மீ. முன்னே நகரும். கையில் எடுத்த உடனே கோல் முன்பக்கம் கனப்பதாக ஆட்டக்காரர் உணரக்கூடிய அளவு இது. புள்ளியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரப் பின்முனைக்கு அருகே ஏறத்தாழ 17 கிராம் எடையைச் சேர்க்கவேண்டும். அப்போது கோலின் மொத்த எடை 44 கிராம் கூடிவிடும்.

இதே கணக்கு ஸ்னூக்கர் கோலுக்கு வேறு விடை தருகிறது. முக்கால் இணைப்பு எனப்படும் வகையில் முன்துண்டு நீளமாகவும் பின்துண்டு ஏறத்தாழ 40 செ.மீ. அளவிலும் இருக்கும். அந்த இடம் கோலின் சமநிலைப் புள்ளிக்கு மிக அருகில் உள்ளது. தராசின் நடுமுள்ளின்மேல் வைத்த எடை எந்தத் தட்டையும் தாழ்த்தாததுபோல, அங்கே இடப்படும் பித்தளை எடையைக் கூட்டினாலும் சமநிலையை அதிகம் மாற்றாது. பித்தளை ஸ்னூக்கருக்குப் பொருந்தி, பூல் கோலின் நடுவில் கனமாக உணரப்படுவதற்கு இதுவே காரணம். ஆகவே இணைப்பின் பொருளை இணைப்பின் இடத்தோடு சேர்த்தே முடிவு செய்யவேண்டும்.

அடியின் உணர்வு

"எஃகு இணைப்பு கடினமாக அடிக்கும், மரம் மென்மையாக அடிக்கும்" என்பது ஆட்டக்காரர்களிடையே பரவலான கருத்து. இதை இரண்டு கேள்விகளாகப் பிரிக்கலாம்: கை உணர்வது மாறுகிறதா? பந்து செல்வது மாறுகிறதா?

தோல்முனையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லி நொடி. அடியின் அதிர்வு மரத்தின் நீளவாக்கில் நொடிக்கு நாலாயிரம் மீட்டர் அளவு வேகத்தில் செல்கிறது, 73 செ.மீ. தொலைவிலுள்ள இணைப்பை அது 0.2 மில்லி நொடிக்குள் எட்டிவிடும். அங்கே பொருள் மாறுவதால் அதிர்வின் ஒரு பகுதி திரும்புகிறது, மீதி கைக்குச் செல்கிறது. எனவே ஒலியும் கையில் தெரியும் அதிர்வும் மாறுவது உண்மை. ஆனால் அந்த உணர்வு நரம்பு வழியே மூளைக்குச் சென்று சேர்வதற்குள் பந்து கோலை விட்டுப் போய்விடும். அந்த அடியைத் திருத்துவதற்கு அது உதவாது.

பந்தின் பக்கவாட்டு விலகல் வேறொன்றைச் சார்ந்தது. பந்தின் மையத்துக்குப் பக்கத்தில் அடிக்கும்போது பந்து கோலின் திசையிலிருந்து சற்றே விலகிச் செல்லும். இந்த விலகலை நிர்ணயிப்பது முன்கோலின் நுனியையொட்டிய 15 முதல் 20 செ.மீ. பகுதியின் எடை. குறுக்குவாட்டு அசைவு கோலில் மெதுவாகப் பரவுவதால், தொடும் நேரத்துக்குள் அதற்கு அப்பாலுள்ள பகுதி பங்கேற்பதில்லை. நடுவிலுள்ள பூண் தந்தமா பிசினா என்பது இந்த விலகலைத் தொடுவதில்லை.

எனவே தந்தத்துக்கு மட்டுமே உரிய "அடி" என்று ஒன்று பந்தின் இயக்கத்தில் இல்லை. எடையில் பினாலிக்குக்கு நெருங்கிய தந்தம் அதைப் போன்றே சமநிலையையும் தருகிறது.

ஈரப்பதமும் ஊரும்

மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றும் விடுத்தும் அளவு மாறும். நீளவாக்கில் இம்மாற்றம் புறக்கணிக்கத்தக்கது. குறுக்குவாட்டில் இரு திசைகளில் இரு அளவாக நிகழ்கிறது. முழு ஈரநிலையிலிருந்து முழு உலர்நிலைக்கு வரும்போது கடின மேப்பிள் ஆண்டு வளையங்களின் போக்கில் 9.9 விழுக்காடும், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 4.8 விழுக்காடும் சுருங்கும். ஆகவே ஈரம் மாறினால் வட்டமாகக் கடைந்த மரம் நீள்வட்டமாகிறது.

மரத்தின் ஈரம் 8 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காட்டுக்கு உயர்ந்தால், 21.5 மி.மீ. விட்டமுள்ள மேப்பிள் முனை ஒரு திசையில் ஏறத்தாழ 0.28 மி.மீ., மற்றத் திசையில் 0.14 மி.மீ. விரியும். விரலால் தடவினாலே இணைப்பில் படி தட்டுப்படும். ஒப்பீட்டுக்கு, வெப்பநிலை 20 பாகை மாறினால் அதே அளவுப் பித்தளைப் பூண் 0.01 மி.மீ.க்கும் குறைவாகவே விரியும். கோலுக்கு வெயிலின் வெப்பத்தைவிடக் காற்றின் ஈரமே பெரிய சோதனை.

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்மேற்குப் பருவமழைக்கு மலையின் மறைவில் உள்ளன. இங்கே முக்கிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் வருகிறது. காற்றின் சார்பு ஈரப்பதம் 40 விழுக்காடாக நிலைத்தால் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 7.5 விழுக்காட்டில் நிற்கும். 80 விழுக்காடாக நிலைத்தால் 16 விழுக்காட்டை நெருங்கும். மெருகுப்பூச்சு இம்மாற்றத்தைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. வறண்ட மாதத்தில் கடைந்து முடித்த மர இணைப்பு ஐப்பசி மழையில் வீங்குவதும், குளிரூட்டிய அறையில் இருந்த கோல் வெளியே வந்ததும் இறுகுவதும் இதனால்தான்.

பருத்தி நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற இராஜபாளையத்தில் இந்த இயல்பு புதிதல்ல. காற்று வறண்டால் நூல் அறுபடும் என்பதால் நூற்பாலைகளில் ஈரப்பதம் அளந்து காக்கப்படுகிறது. கோல் வேலைக்கும் அதே ஒழுக்கம் பொருந்தும். மரத்தை ஊரின் காற்றில் பல மாதங்கள் ஆறவிட்டு, ஒரே தடவையில் இறுதி அளவுக்குக் கடையாமல் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு கடைசலுக்குப் பின்னும் ஓய்வு கொடுக்கவேண்டும்.

இத்தகைய ஊரில் பயன்படும் கோலுக்குப் பினாலிக் அல்லது உலோகப் பூண் பாதுகாப்பானது. பூண் மர முனையை மெலிதாக்கித் தன்னுள் அடக்குகிறது. வெளியே தெரியும் அளவு மாறுவதில்லை. மரத்தோடு மரம் இணைப்பையே விரும்பினால், இணையும் முகத்தின் துளைவாயையும் நுனிமரத்தையும் பூச்சிட்டு அடைப்பதும், கோல் பிரிந்திருக்கும்போது இணைப்பு மூடி போடுவதும் இன்றியமையாதவை. வெயிலில் நிறுத்திய காருக்குள் கோலை விட்டுச்செல்லக் கூடாது. சாதாரண எபாக்சி பசை 50 முதல் 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும், பூண் நகர்ந்துவிடும்.

தந்தமும் மேற்குத் தொடர்ச்சி மலை யானைகளும்

இவ்விரு ஊர்களுக்கு மேற்கே உள்ள காடு 1988இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் அது மேகமலைக் காட்டுடன் சேர்ந்து ஏறத்தாழ 1,016 சதுர கி.மீ. பரப்புள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் இதனை அடுத்துள்ளது. யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது. இரண்டு காடுகளும் அவற்றுக்கு ஒரே வாழிடம். செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் பகுதிகளின் மலையடிவாரத் தோப்புகளுக்கு அவை வந்துபோவதும் உண்டு.

ஆசிய யானையில் பெரிய தந்தம் ஆணுக்கு மட்டுமே உண்டு. தந்தம் என்பது மேல்தாடை வெட்டுப்பல். அதன் மூன்றில் ஒரு பங்கு அளவு மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கும். முழுத் தந்தத்துக்காக வேட்டையாடுபவர்கள் யானையைக் கொன்றே அதை எடுக்கிறார்கள். தந்த வேட்டை ஆண்களை மட்டும் பொறுக்கி அழிக்கிறது. பெரியாற்றில் 1970, 1980களில் நடந்த வேட்டையின் விளைவாக, வளர்ந்த ஓர் ஆண் யானைக்கு நூறுக்கும் மேற்பட்ட பெண் யானைகள் என்ற நிலை ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டது. மந்தை அழியவில்லை என்று தோன்றினாலும், இணைசேர ஆண் இல்லாததால் பிறப்பு குறைந்தது. எஞ்சிய சில ஆண்களின் வழியாகவே மரபு தொடரவேண்டியதாயிற்று. ஒரு யானைத் தலைமுறை வளரப் பல ஆண்டுகள் ஆவதால் இத்தகைய இழப்பு விரைவில் ஈடாகாது.

சட்டம் படிப்படியாக இறுகியது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் செய்த திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தைத் தடுத்தது. ஆப்பிரிக்கத் தந்தம் என்ற பெயரில் இந்தியத் தந்தமும் கடையேறும் வழி அதன்பின்னும் திறந்திருந்தது. 1991 திருத்தம் இறக்குமதித் தந்த வணிகத்தையும் தடைசெய்து அதை மூடியது. பன்னாட்டு அளவில் ஆசிய யானை 1975 முதலும், ஆப்பிரிக்க யானை 1989ஆம் ஆண்டு முடிவின்படி 1990 முதலும் வணிகத் தடைப் பட்டியலில் இடம்பெற்றன. அமெரிக்கா 2016இல் ஆப்பிரிக்கத் தந்தத்தின் உள்நாட்டு வணிகத்தையும் ஏறக்குறைய முழுதாக நிறுத்தியது. தந்தப் பூண் உள்ள பழைய கோல்கள் நாட்டு எல்லையைக் கடக்கும்போது பறிமுதலாகும் அபாயம் உண்டு.

மரத்திலும் இதுபோன்ற கேள்வி உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் தோதகத்தி, அதாவது ஈட்டி மரம், இடம்பெறும் டால்பெர்ஜியா பேரினம் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. இம்மரத்தை வாங்குபவர் அது சட்டப்படி வெட்டப்பட்டு விற்கப்பட்டது என்பதற்கான ஆவணத்தைக் கேட்டுப் பெறவேண்டும்.

தேர்வு முறை

தனிக்கோல் செய்பவரும் செய்விப்பவரும் பின்வரும் வரிசையில் முடிவெடுத்தால் தேர்வு எளிதாகும்.

1. ஆட்டம்: ஸ்னூக்கரா, பூலா? இணைப்பு நடுவிலா, முக்காலிலா? சமநிலைக் கணக்கு இதிலிருந்தே தொடங்கும்.
2. எடை: மொத்த எடையையும் சமநிலைப் புள்ளியையும் முதலில் முடிவு செய்து, பின்கோல் மரத்தை நிறுத்துப் பார்க்கவேண்டும். கருங்காலி போன்ற கனத்த மரத்துக்குப் பினாலிக் பூணும், எடை குறைந்த மரத்துக்கு உலோகப் பூணும் பெரும்பாலும் பொருந்தும்.
3. ஊர்: ஈரப்பதம் அதிகம் மாறும் ஊரிலும், ஊர் ஊராகச் சென்று ஆடுபவருக்கும் மரப்பூணைத் தவிர்ப்பது நல்லது.
4. மரை: எளிதில் கிடைக்கும் அளவு, மரத்தில் வெட்டினால் அகன்ற மரை.
5. தோற்றம்: வெண்மை வேண்டுமானால் வெண்ணிறப் பினாலிக்கும், தந்தம் போன்ற சாயல் கொண்ட பிசின் பொருள்களும் உள்ளன. அவை தந்தத்தைவிட ஈரத்துக்கு நிலையானவை.

முதற்கோல் செய்யும் மாணவருக்குப் பினாலிக் பூண், எஃகுத் திருகாணி, பித்தளை உள்மரை, தட்டை முகம் என்ற சேர்க்கை ஏற்றது. பொருள்கள் எளிதில் கிடைக்கும். பிழையானால் மறுபடி கடையலாம்.

சோதித்தல்

முடிந்த இணைப்பை நான்கு வழிகளில் சோதிக்கலாம். திருகாணி கடைசிச் சுற்றுவரை தடையின்றி ஏறி, முகங்கள் தொட்டதும் சட்டென்று நிற்கவேண்டும். இணைந்த இடத்தை விளக்கின்முன் பிடித்தால் கோட்டில் ஒளி கசியக் கூடாது. விரல்நுனியால் சுற்றித் தடவினால் படி தட்டக் கூடாது. கோலை மேசைமேல் உருட்டினால் நுனி துள்ளக் கூடாது.

உருட்டலில் நுனி துள்ளினால் முன்கோலைத் தனியாகவும் பின்கோலைத் தனியாகவும் உருட்டிப் பார்க்கவேண்டும். இரண்டும் தனித்தனியே நேராக உருண்டால் பிழை இணைப்பு முகத்தில் உள்ளது. பூணை மாற்றாமலேயே முகத்தைக் கடைந்து சரிசெய்யலாம். ஒரு துண்டு தனியாகவும் துள்ளினால் மரம் வளைந்துள்ளது. எந்தப் பூணாலும் அதை நேராக்க முடியாது.